திறந்த பெட்டியும் கேட்காத குரலும்

எல். எம். மாண்ட்கோமரியின் 'தி ஸ்டோரி கேர்ள்' நாவலைப் போன வருடம் நான்கு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். ஒருவர் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "கதையே நகரலையேப்பா" என்றார். இன்னொருவர் முழுக்கப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஆன் மாதிரி வரலை" என்றார். மூன்றாமவர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். கூர்மையான குறையைச் சொன்னது அவர்தான். "அந்தப் பொண்ணோட குரல் அப்படி இப்படின்னு பக்கத்துக்குப் பக்கம் புகழ்றாங்க. எனக்கு ஒரு இடத்துலகூட அந்தக் குரல் கேட்கலை."

நான்காமவர் என் தோழி. தன் பத்து வயது மகளுக்கு ராத்திரி தூங்கப்போகும் முன் ஒவ்வொரு அத்தியாயமாகச் சொன்னார். புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாயால் தமிழில். அந்தச் சின்னவள் சொன்னதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த நாவலைப் பற்றி இன்னும் சிலரிடமும் பேசிப் பார்த்தேன். ஏறக்குறைய இதே நான்கைந்து கருத்துகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கதை இல்லை. ஆன் இல்லை. குரல் கேட்கவில்லை. கதை சொல்கிற பையனுக்கு முகமே இல்லை. மதப் பேச்சு ஜாஸ்தி. எதையும் தவறு என்று தள்ள முடியாது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துப் பார்த்தால், நாவல் எதைப் பற்றியது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோமோ, அதிலேயே ஒரு சின்னப் பிசகு இருப்பதாகத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில், படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1911இல் வந்த நாவல். கனடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவு. அங்கே கார்லைல் என்ற கற்பனைக் கிராமம். பெவர்லி, ஃபீலிக்ஸ் என்ற இரண்டு சகோதரர்கள் டொரொண்டோ நகரத்திலிருந்து அப்பாவின் பூர்விகப் பண்ணைக்கு வருகிறார்கள். அப்பாவுக்கு ரியோ டி ஜெனிரோவில் வேலை. பண்ணையில் அப்பாவின் சகோதரர் ஆலெக்கின் பிள்ளைகள் டான், ஃபெலிசிட்டி, செசிலி. பக்கத்திலேயே ஒலிவியா அத்தையோடும் ரோஜர் சித்தப்பாவோடும் வளர்கிறவள் சாரா ஸ்டான்லி. தாயில்லாத பெண். அப்பா ஓவியர், ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருக்கிறார். அவளைத்தான் எல்லாரும் கதைக்காரி என்று கூப்பிடுகிறார்கள். வயது பதினான்கு. பெரிய அழகியெல்லாம் இல்லை. அழகி ஃபெலிசிட்டிதான், சமையலிலும் கெட்டிக்காரி. இவர்களோடு எதற்கெடுத்தாலும் அழுகிற பக்கத்து வீட்டு சாரா ரே, பண்ணையில் சம்பளத்துக்கு வேலை செய்கிற பையன் பீட்டர். வசந்தத்தில் தொடங்கி குளிர்காலம் வாசலுக்கு வருகிறவரை நடக்கும் கதை. இரண்டு வருடம் கழித்து 'தி கோல்டன் ரோடு' என்று தொடர்ச்சியும் வந்தது.

கதை நகரவில்லை என்ற குறையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆமாம், நகரவில்லை. ஒரு கோடை முழுக்க எட்டுப் பிள்ளைகள் ஒன்றாகச் சுற்றுகிறார்கள், அவ்வளவுதான். கசக்கிற ஆப்பிளை முகம் சுளிக்காமல் யார் தின்பது என்று போட்டி போடுகிறார்கள். கனவுகளைக் குறித்துவைக்க நோட்டுப் போடுகிறார்கள். பிறகு நல்ல கனவாக வரவேண்டும் என்பதற்காகவே படுக்கும் முன் ஜீரணமாகாததையெல்லாம் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கதைக்காரி பலகாரம் செய்கிறேன் பேர்வழி என்று சோளமாவுக்குப் பதிலாக மரத்தூளைப் போட்டுவிடுகிறாள். சின்ன வயதில் லீவு நாட்களுக்கு எந்தக் கதைத் திட்டமும் இருந்ததில்லை. இது புரிந்தவர்களுக்கு நாவல் ஒத்துப்போகும், இல்லாதவர்களுக்கு ஒத்துவராது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆன் விஷயம் அப்படியில்லை. 1908இல் வந்த 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' உலகம் முழுக்கத் தெரிந்த புத்தகம். அதைப் படித்தவர்கள் இதிலும் ஓர் ஆனைத் தேடி வருகிறார்கள். தாயில்லாத பெண், கற்பனை, வாயாடித்தனம், அதே தீவு. ஆனால் ஆன் பேச்சுக்காரி. மாண்ட்கோமரி அவளுடைய பேச்சை அப்படியே பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார், அதனால் நம் காதில் விழுகிறது. அவள் பேசுவது பெரும்பாலும் தன்னைப் பற்றி: என் முடி சிவப்பு, என் பெயருக்கு இந்த எழுத்துக்கூட்டல்தான் வேண்டும். சாரா ஸ்டான்லி தன்னைப் பற்றி அதிகம் பேசுவதே இல்லை. அவள் சொல்வதெல்லாம் மற்றவர்கள் கதை. தோட்டத்தில் குடும்பத்துப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பிறந்தபோது நட்ட ஒரு மரம் இருக்கிறது, மரத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பேச்சுக்காரியை அச்சில் பிடித்துவிடலாம். கதைக்காரியைப் பிடிப்பது கஷ்டம்.

இப்போது குரல் விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலம் நடத்தும் நண்பர் சொன்னது சரி. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று பெவர்லி ஆரம்பத்திலேயே உவமைகளைத் தேடித் தேடித் திண்டாடுகிறான். எத்தனை உவமை போட்டாலும் குரல் கேட்காது. நம் பக்கம் கச்சேரி விமர்சனம் படித்தவர்களுக்கு இது தெரியும். 'தேனில் குழைத்த சாரீரம்' என்று எழுதினால் தேன்தான் ஞாபகம் வரும், சாரீரம் வராது.

இது எழுத்தாளருடைய தோல்வியா? நானும் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை மூன்று அத்தியாயங்கள் என்னை நிறுத்தின.

முதலாவது, கடவுளின் படம். ஒரு பையன் தன்னிடம் கடவுளின் படம் இருப்பதாகச் சொல்கிறான். பிள்ளைகள் காசு சேர்த்து அதை வாங்குகிறார்கள். பிரித்துப் பார்த்தால் கோபக்காரக் கிழவர் ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். இதுவரை அவரவர் மனதில் ஏதோ ஒரு மாதிரி இருந்த கடவுள், ஒரே நிமிடத்தில் இந்தக் கிழவராக ஆகிவிடுகிறார். அவர்களால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த அத்தியாயத்துக்கு மாண்ட்கோமரி வைத்த தலைப்பே குழந்தைப்பருவத்தின் சோகம் என்ற பொருளில்தான் இருக்கிறது. படிக்கும்போது சிரிப்பு வருகிறது, ஆனால் தலைப்பு கேலியில்லை.

இரண்டாவது, தீர்ப்புநாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் உலகம் அழியப்போகிறது என்று எங்கோ ஒரு போதகர் சொன்னதாகச் செய்தித்தாளில் வந்திருக்கிறது. பெரியவர்கள் சொல்கிற சமாதானம் எதுவும் எடுபடவில்லை. அச்சிலேயே வந்துவிட்டதே! சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிறு காலையும் அந்தப் பிள்ளைகள் படுகிற பாடு இருக்கிறதே, குழந்தை இலக்கியத்தில் பயத்தை இவ்வளவு மரியாதையோடு எழுதிய பக்கங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சொன்ன நேரம் வருகிறது, போகிறது. ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது, நீலப் பெட்டி. சமையலறையில் பழைய நீல நிறப் பெட்டி ஒன்று வருடக்கணக்காகக் கிடக்கிறது. ரேச்சல் வார்ட் என்ற உறவுக்காரப் பெண்ணுடையது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வரவில்லை. அவள் கல்யாண உடையையும் பரிசுப் பொருள்களையும் அந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். தான் உயிரோடு இருக்கும்வரை யாரும் திறக்கக்கூடாது என்பது அவள் கட்டளை. கதைக்காரி இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எல்லாரும் பேசிப் பேசிக் களைத்துப்போகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் ரேச்சல் இறந்துவிட்ட செய்தி வருகிறது. பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே இருப்பது துணிமணி, சாமான். அழகானவைதான். ஆனால் திறந்த பிறகு அது வெறும் பெட்டி.

மூன்றிலும் ஒரே காரியம்தான் நடக்கிறது. மனதுக்குள் உருவமில்லாமல் இருந்த ஒன்றுக்குத் தாளிலோ, படத்திலோ, கண்முன்னாலோ உருவம் கிடைக்கிறது. கிடைத்ததும் சுருங்கிப்போகிறது. இதை ஒரே நாவலில் மூன்று தடவை எழுதியவருக்கு, ஒரு குரலை அச்சில் காட்ட முடியாது என்று தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான், குரலைக் காட்டுவதை விட்டுவிட்டுக் கேட்பவர்களைக் காட்டுகிறார். கதை முடிந்ததும் யார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், யார் 'இது நிஜமா?' என்று கேட்கிறார்கள், எந்த இடத்தில் ஃபெலிசிட்டி குறுக்கே விழுந்து கெடுக்கிறாள், டான் அதற்கு என்ன பதில் கொடுக்கிறான். புத்தகத்தில் உயிரோடு துடிக்கிற இடங்கள் எல்லாமே கதை முடிந்த மறுநிமிடங்கள்தான். நாம் கதை சொல்வதைப் பற்றிய நாவல் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறோம். எனக்கு இது கதை கேட்பதைப் பற்றிய நாவலாகத்தான் படுகிறது.

பெவர்லிக்கு முகமில்லை என்ற குறைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பதிமூன்று வயதுப் பையன் மாதிரி அவன் எதுவும் செய்வதில்லை, சண்டை போடுவதுகூடக் குறைவு. 'இவன் பையனே இல்லை, மாண்ட்கோமரிதான் கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்' என்று ஒருவர் சிரித்தார். இருக்கலாம். ஆனால் அவனுடைய வேலை கேட்பது, கேட்டதை வயதான பிறகு நினைத்துப் பார்ப்பது. நல்ல கேட்பாளர்கள் கூட்டத்தில் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

நாவலுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டே போகவும் எனக்கு மனமில்லை. சறுக்குகிற இடங்கள் நிஜமாகவே இருக்கின்றன. கதைக்காரி சொல்கிற கதைகள் இரண்டு வகை. ஒன்று, அந்த ஊர்க் கதைகள், குடும்பக் கதைகள். இன்னொன்று, கிரேக்கத்திலிருந்தும் வடநாட்டுப் புராணங்களிலிருந்தும் எடுத்தவை, கர்வக்கார இளவரசி மாதிரி அலங்காரக் கதைகள். இரண்டாம் வகையில் மாண்ட்கோமரியின் நடை ஜரிகை போட்டுக்கொள்கிறது. முத்தம் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதையை இன்று ஒரு பிள்ளைக்கு வாசித்தால் நெளியும். மகளுக்குச் சொன்ன தோழியும் இதையே சொன்னார். புராணக் கதைகள் வந்தபோதெல்லாம் அவள் தூங்கிவிட்டாளாம். பெட்டி ஷெர்மன் கதைக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டாளாம்.

பெட்டி ஷெர்மன் கதை அப்படிப்பட்டது. நான்சி என்ற பெண்ணை இரண்டு பேர் விரும்புகிறார்கள். ஒருவன் பெண் கேட்கப் போகிற வழியில் மற்றவன் வீட்டில் இறங்கி, போகிற காரியத்தைச் சொல்லித் தொலைக்கிறான். கேட்டவன் அவனை உபசரிப்பில் உட்காரவைத்துவிட்டு, நைசாக நழுவி முன்னால் போய்ச் சம்மதம் வாங்கிவிடுகிறான். ஏமாந்து நிற்பவனை நான்சியின் சகோதரி பெட்டி தானே வாய்திறந்து கேட்டுக் கட்டிக்கொள்கிறாள். இந்தக் கதையைக் கதைக்காரி சும்மா சொல்லவில்லை. பள்ளி நூலகத்துக்கு நன்கொடை கேட்டு, கை நீளாத ஒரு பெரியவரிடம் போகிறாள். அவருக்குச் சொல்வது அவருடைய குடும்பத்துக் கதையையே. நன்கொடை கிடைக்கிறது. எந்தக் கதையை எந்த வாசலில் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. குரல் வளத்தைவிட இதுதான் அவளுடைய நிஜமான திறமை என்று நினைக்கிறேன். இதை அச்சில் காட்ட முடியும், மாண்ட்கோமரி காட்டவும் செய்கிறார். உவமைகளுக்கு நடுவே நமக்குத்தான் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

மதப் பேச்சு ஜாஸ்தி என்பவர்களிடம் பீட்டரைக் கவனிக்கச் சொல்வேன். அப்பா விட்டுவிட்டுப் போன குடும்பம். கூலிக்கு வேலை செய்கிறான். ஃபெலிசிட்டியின் மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவளோ அவன் வேலைக்காரப் பையன் என்பதை நொடிக்கொருதரம் ஞாபகப்படுத்துகிறாள். மெதடிஸ்ட் ஆவதா பிரெஸ்பிட்டீரியன் ஆவதா என்று அவன் மண்டையைக் குடைந்துகொள்வது நமக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவனுக்கு அது வேடிக்கையில்லை. எல்லாருக்கும் பிறப்பிலேயே கிடைத்த ஓர் இடத்தை அவன் தேர்ந்தெடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. பையன்கள் தோட்டத்துப் பாறைமேல் ஏறி நின்று பிரசங்கப் போட்டி நடத்தும்போது, நரகத்தைப் பற்றிப் பேசி சாரா ரேயைக் கதறி அழவைக்கிறவன் அவன்தான். அவன் சாகக் கிடக்கிற அத்தியாயத்தில் ஃபெலிசிட்டி என்ன ஆகிறாள் என்று படித்துப் பாருங்கள். வர்க்கம் என்ற சொல்லே இல்லாமல் அதைப் பற்றி எழுதிய பக்கங்கள் அவை.

சரி, மாண்ட்கோமரிக்கு ஏன் இந்த நாவல்மேல் அத்தனை பிரியம்? தான் எழுதியவற்றில் தனக்குப் பிடித்தது இதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆன் அவரை உலகப் புகழ் பெற்றவராக்கிய பிறகும். காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். 1874இல் பிறந்தவர். இரண்டு வயது ஆவதற்குள் அம்மா இறந்துபோனார். காவண்டிஷில் தாய்வழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். 'தி ஸ்டோரி கேர்ள்' அந்த வீட்டில் இருந்து எழுதிய கடைசி நாவல். 1911 மார்ச்சில் பாட்டி இறந்தார். ஜூலையில் மாண்ட்கோமரி கல்யாணம் செய்துகொண்டு ஒன்டாரியோவுக்குப் போய்விட்டார். அதன்பிறகு அந்த வீட்டுக்குத் திரும்பி வாழப் போகவே இல்லை.

நாவலின் ஊர்க் கதைகளில் பல அவர் குடும்பத்தில் வாய்வழியாக வந்தவை. பெட்டி ஷெர்மன் கதை அவருடைய முன்னோர் கதை. நீலப் பெட்டியும் நிஜம். பார்க் கார்னரில் அவருடைய உறவினர் வீட்டில் அது இருந்தது, அங்கேயே இன்றும் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். இந்த நாவலைத் தன் பெரியம்மா மகள் ஃபிரெடரிகாவுக்குச் சமர்ப்பித்தார். 'தி கோல்டன் ரோடு' நாவலை, மறைந்துபோன மேரி லாசன் என்ற மூதாட்டிக்கு. அவர் மாண்ட்கோமரியின் தாத்தாவுடைய சகோதரி. கதைக்காரி சொல்கிற கதைகளில் பலவற்றைத் தனக்குச் சொன்னவர் அவர்தான் என்று சமர்ப்பணத்திலேயே எழுதியிருக்கிறார்.

இந்தச் சமர்ப்பணத்தைப் படித்தபோதுதான் எனக்கு நாவல் வேறு மாதிரி திறந்தது. பதினான்கு வயது சாரா ஸ்டான்லிக்குப் பின்னால் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். மாண்ட்கோமரிக்கு அந்தக் குரல் காதில் இருந்தது, கதைகளும் இருந்தன. கதைகளை எழுதிவிட்டார். குரலை என்ன செய்வது? பெவர்லி உவமை தேடித் திண்டாடுவதெல்லாம் அந்தக் கேள்விதான்.

எனக்கும் இதில் கொஞ்சம் சொந்த அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் ஆச்சி சொன்ன கதைகளை ஃபோனில் பதிவு செய்து, உட்கார்ந்து எழுத்தாக்கினேன். ஒரு வார்த்தை விடவில்லை. எழுதி முடித்துப் படித்தால் கதை செத்துக் கிடந்தது. அவள் வெற்றிலையை மடிக்கிற இடைவெளி தாளில் இல்லை. "பொறவு என்ன ஆச்சு தெரியுமா" என்று என் முகத்தைப் பார்ப்பது இல்லை. அந்தப் பக்கங்களை மடித்து வைத்துவிட்டேன். நான் அவள் சொன்னதை மட்டும் எழுதியிருந்தேன், கேட்டுக்கொண்டிருந்த எங்களை எழுதவில்லை என்பது இந்த நாவலை இரண்டாம் தடவை படித்தபோதுதான் உறைத்தது. திண்ணையில் யார் யார் இருந்தோம், எந்த இடத்தில் சித்தி எழுந்து உள்ளே போனாள், ஏன் போனாள். கதை பாதி அங்கேதான் இருந்திருக்கிறது.

ஆங்கிலம் நடத்தும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். "சமாளிக்கிறே" என்றார். "கேட்கலைன்னா கேட்கலைதானே?" அதுவும் சரிதான். குரல் கேட்காதது கேட்காததுதான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது எனக்குத் தெரிகிறது. மேரி லாசன் இறந்து நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்ட பிறகு இவ்வளவாவது மிஞ்சியிருக்கிறதே என்று தோன்றுகிறது.

நாவல் ஆங்கிலத்தில் கூட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. படிக்கப்போகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று: முடிந்தால் தனியாகப் படிக்காதீர்கள். யாருக்காவது வாய்விட்டுச் சொல்லுங்கள். புராணக் கதைகளைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

தோழியின் மகள் சொன்னதைக் கடைசியில் சொல்வதாக எழுதியிருந்தேன். பெட்டி திறக்கிற அத்தியாயம் முடிந்த ராத்திரி அவள் ரொம்ப நேரம் பேசவில்லையாம். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டிருக்கிறாள்: "அம்மா, அந்தப் பெட்டியைத் திறக்காமலே இருந்திருந்தா, அவங்க இன்னும் அதைப் பத்திப் பேசிட்டே இருந்திருப்பாங்கள்ல?"